மஞ்சள் சீட்டு

“கதவைத் திறம்மா! சுகாதார ஆபீஸ்!”

தட்டிய தட்டில் தாழ்ப்பாள் குதித்தது. தையல்காரி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு முதலில் பின்கதவுக்கு ஓடினாள். பிறகுதான் வாசல் கதவுக்கு வந்தாள்.

“திறக்க இவ்ளோ நேரமா?” என்றபடி பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தாள்.

“மிஷின் சத்தத்துல காதுல விழல மேடம்.”

மேசையில் கைக்குழந்தைகளுக்கான தொப்பிகள் குவிந்து கிடந்தன. மாலையில் எடுத்துப்போக கம்பெனி வண்டி வரும். ஊரில் அம்மை பரவிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கு இருந்தாலும் வாசலில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவார்கள்; தைத்தது அத்தனையும் நெருப்புக்குப் போகும், மூன்று வாரத்துக்கு வேலையும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தாள். “ஒரு பொண்ணு, ஏழு வயசுன்னு இருக்கு. எங்க?”

“இதோ நிக்கிறாளே!”

கட்டிலோரம் கிராப்புத் தலைச் சிறுமி ஒருத்தி மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

“ஏன் இப்படி இரைக்குது?”

“கால்ல சக்கரம் மேடம். ஒரு இடத்துல நிக்க மாட்டா.”

இன்ஸ்பெக்டர் சிறுமியின் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். “இவளையும் தைக்க உக்கார வெக்கிறியா? உண்மையைச் சொல்லு.”

“ஐயோ, ஊசிப் பெட்டிகிட்டயே விட மாட்டேன்!”

விரல்களில் ஊசி குத்திய தடம் ஒன்றுகூட இல்லை. தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சரி கண்ணு, இப்ப…”

சொல்லி முடிப்பதற்குள் சிறுமி நாக்கை நீட்டினாள். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். திரும்பி நின்று முதுகையும் காட்டினாள். எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை.

“பரவாயில்லையே! நான் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் நடக்குது.”

“அப்படியே அவங்கப்பா மேடம். கண்ணைக் காட்டினா போதும், புரிஞ்சுக்குவா.”

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது மஞ்சள் சீட்டு. பசை தடவிக் கதவில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

“பொண்ணைக் காத்தோட்டமா படுக்க வைம்மா. நிறைய தண்ணி குடு. கம்பெனிக்கு நான் சொல்லிக்கறேன்.”

“என்ன மேடம் இது அநியாயம்! இவ உடம்புல ஒரு புள்ளி இருக்கா? நீங்களே பாத்தீங்களே!”

“பாத்தேம்மா, ரெண்டு தடவை பாத்தேன். காலையில தெருமுனை வீட்டுல இவ பையனா இருந்தா!”