கொல்லிமலையில் ஆறாம் நாள்

கம்பளியை விலக்காமலேயே மதியழகன் மணி கேட்டார்.

எட்டேகால் என்றாள் பூங்கோதை.

அவர் சிரித்துவிட்டார். வைகாசி மாதத்தில் கம்பளி. அதிலும் எட்டேகால் வரை தூக்கம்.

கீழே நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கோழிப்பண்ணை. முப்பதாயிரம் முட்டைக்கோழி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. காதுகுத்தோ எழவோ, ஒருவர் போனால் ஒருவர் பண்ணையில் இருப்பார்கள்.

முட்டை வியாபாரி குருமூர்த்தியின் மிளகுத் தோட்டத்தில் சும்மா கிடந்தது இந்த மரவீடு. தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு கேஸ் அடுப்பு. ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வரலாமா என்று பூங்கோதை பயந்துகொண்டேதான் கேட்டாள். சரி என்று அவர் ஒரே வார்த்தையில் சொன்னதும் அவளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

வந்த அன்றே சொல்லிவிட்டார், இந்த வாரம் முட்டையைக் கண்ணில் காட்டக்கூடாது என்று.

செம்மேட்டுச் சந்தையில் வாங்கிய அன்னாசியை வீடு வருவதற்குள் வழியிலேயே தின்று தீர்த்தார்கள். ஓடைத் தண்ணீரில் காலை வைத்தவர் சின்னப் பையன் மாதிரிக் கத்தினார். நாலாம் நாள் மத்தியானம் தகரக் கூரை அதிர மழை கொட்டியது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு கிடைத்தது. குறைந்த காய்களுக்குச் சட்டைப் பொத்தானை வைத்து ஆடினார்கள்.

அவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார் என்பதை அன்றைக்குத்தான் பூங்கோதை தெரிந்துகொண்டாள்.

தினமும் ஒரே ஒரு தடவை மட்டும் பண்ணையைப் பற்றிக் கேட்பார்.

“சின்னான் என்ன சொல்றான்?”

சின்னான் பண்ணையின் சூப்பர்வைசர்.

“எல்லாம் நல்லாருக்குதாமுங்க” என்பாள் பூங்கோதை.

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும்.

ஏனென்றால் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தது சின்னான் இல்லை. பிரபாகர். அவர்களுடைய ஒரே மகன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பிரபாகர் கூடப் படித்த பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். பண்ணை வாசலில் கால் வைக்கக்கூடாது என்றார் மதியழகன். அதற்குப் பிறகு மகன் பேரைக்கூட அவர் வாயால் சொன்னதில்லை.

பூங்கோதைதான் துணிந்து இந்த ஏற்பாட்டைச் செய்தாள். மகனும் மருமகளும் ஓமலூரிலிருந்து ஒரு வார லீவில் பண்ணைக்கு வந்திருந்தார்கள். சின்னானும் இதற்கு உடந்தை. ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகாமல் வாரம் கழிந்துவிட்டால், அவர் மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கீழே அடிக்கிற வெயிலில் ஒரு நாள் அசந்தாலும் நூற்றுக்கணக்கில் செத்து விழும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நாளைக்கு மலை இறங்க வேண்டும். இன்னும் சொல்லியபாடில்லை.

பதினொரு மணிக்கு மதியழகன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வாசல்படியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்தார். வீட்டில் டவர் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் மேட்டில் ஏற வேண்டும். பூங்கோதை செருப்பை மாட்டினாள்.

“சின்னான்கிட்டப் பேசிட்டு வாரேனுங்க.”

அவர் சுளையிலிருந்து கொட்டையை எடுத்தபடியே சொன்னார்.

“ரெண்டு மணிக்குப் பைப்புல நிக்கற தண்ணியத் தொறந்து உட்டுட்டு, புதுத் தண்ணி ஏத்தோணும். வெயில்ல சூடான தண்ணியக் கோழி குடிக்காது. சொல்லிப்போடு.”

“அது சின்னானுக்குத் தெரியாதுங்களா?”

“சின்னானுக்குத் தெரியும். உம்மவனுக்குத் தெரியாது. நாஞ் சொல்லிக் குடுக்கல.”

பூங்கோதை செருப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

“எப்பங்க தெரிஞ்சுது உங்களுக்கு?”

“அவன் வருவான்னு தெரியாமயா முப்பதாயிரம் கோழிய உட்டுப்போட்டு மலையேறுனேன்?”

அவர் குரலில் கோபம் இல்லை. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. பெரிய சுளையாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

“இன்னொரு வாரம் இருக்கலாமான்னு குருமூர்த்தியக் கேளு. உம்மவனுக்கு லீவு கெடைக்குமான்னும் கேளு.”

பூங்கோதை சுளையை வாயில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாதி வழியில் அழுகை வந்தது. அப்படியே சிரிப்பும் வந்தது.

பிரபாகர் முதல் ரிங்கிலேயே எடுத்தான். பின்னால் கோழிகளின் இரைச்சல். அவள் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். லீவு கிடைக்குமா என்று கேட்டாள்.

பிரபாகர் இரைச்சலை விட்டு வெளியே வந்து கேட்டான்.

“அம்மா, இது அப்பா சொன்னதா?”

அவள் பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூங்கோதை இன்னும் மேலே ஏறினாள்.