மௌனச் சனிக்கிழமை

"ஆட்டம் ஒன்பதரைக்கு. ஒன்பது இருபத்தஞ்சுக்கு வந்து இறங்குறா பாரு!" கர்ட் தனக்குள் முணுமுணுத்துப் பல்லைக் கடித்தான்.

மூடுபனிக்குள்ளிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள் மரிசெலா. அவள் மகள் யெசேனியா அதற்குள் மைதானத்தின் எதிர்ப்பக்கம், ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பறந்துவிட்டாள்.

"மலை மேல பனி கொட்டுது, கர்ட். யாகிமாவுலேர்ந்து ஒரு லாரிக்குப் பின்னாடியே ஊர்ந்து வந்தோம்."

"அடடா, பரவால்ல" என்று சிரித்து வைத்தான். மலைக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு பாதிப் பயிற்சிக்கு வர முடியாத பெண்ணுக்கு இவ்வளவு பெரிய கால்பந்து லீக் எதற்கு என்று மனசுக்குள் ஓடியது.

லீக்கின் ஊழியப் பெண் ஒருத்தி ஆளுக்கொரு குச்சி மிட்டாயைக் கையில் திணித்தாள்.

"இன்னிக்கு மௌனச் சனிக்கிழமை. வாயில மிட்டாய் இருக்கணும், வார்த்தை வரக் கூடாது. சரியா?"

பெற்றவர்கள் போடுகிற கூச்சலில் பிள்ளைகள் பந்தையே மறந்துவிடுகிறார்கள் என்று லீக் கண்டுபிடித்த வைத்தியம் இது. மரிசெலா உடனே பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். கர்ட் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். வயசான காலத்தில் மிட்டாயாம்!

விசில் ஊதியது. டகோமா மைதானம் முழுக்க ஒரே வெள்ளை. மேகத்துக்குள் யாரோ ஆடுகிற மாதிரி இருந்தது. பந்து உதைபடும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது.

அந்த வெள்ளையில் கர்ட் தன் கனவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேசிய அணியின் சட்டை, ஒன்பதாம் எண், உள்ளே தன் மகள் பிரின். நாலு வயசில் பந்தைக் கட்டிக்கொண்டு தூங்கியவள், இப்போது பதினாறு. பள்ளிக்கூட அணியில் ஆடக் கூடாது என்று லீக் கறாராகச் சொன்னபோது, தோழிகளை விட்டுவிட்டு வந்து எத்தனை நாள் அழுதாள்! அத்தனைக்கும் இன்றைக்குத்தான் பலன். மண்டல முகாமுக்கு ஆள் எடுக்கிற அம்மாள் வந்திருக்கிறார். முன்வரிசைக்கு ஒரே ஓர் இடம். பிரினின் அணியிலேயே ஆடும் யெசேனியாவும் அதற்குப் போட்டி.

முதல் பாதி முடியும் நேரத்தில் ஆட்டம் நின்றது. யாரோ விழுந்துவிட்டார்கள் போல. எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் பனி அங்கங்கே கிழிந்தது. கிழிசலில் ஒன்பதாம் எண் ஓடியது.

"அதோ என் பொண்ணு! ஆயிரம் பேர் நடுவுல ஓடினாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்றான் கர்ட்.

மரிசெலா மிட்டாயோடு தலையாட்டினாள்.

அடுத்த கிழிசலில் பதினேழு வந்தது. யெசேனியாவின் எண். மூன்று பேரைத் தாண்டி, பந்தை வலைக்குள் சாத்தியது. பத்தே நிமிஷத்தில் இன்னொன்று. கர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

முகாம் அம்மாள் ஈரமான நோட்டோடு அவர்களிடம் வந்தார்.

"இந்த மூட்டத்துல நம்பரைத் தவிர எதுவும் தெரியலை. ஒன்பது, பதினேழு, ரெண்டு பேருமே நல்லா ஆடறாங்க. ஒருத்தரைத்தான் எடுக்க முடியும். குணத்துல பொண்ணுங்க எப்படி?"

மரிசெலா மிட்டாயை வெளியே எடுத்தாள். "ஒன்பதா? தங்கமான பொண்ணு. எங்க பொண்ணு புதுசா வந்தப்ப முதல்ல வந்து பேசினது அவதான்."

"பதினேழு?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க" என்று சிரித்து, மறுபடி மிட்டாயைப் போட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாள் நாலடி நகர்ந்ததும் கர்ட் பின்னாலேயே போனான்.

"நான் நடுநிலையா சொல்றேன். பதினேழுகிட்ட திறமை இருக்கு, இல்லேங்கலை. ஆனா சுயநலம். கூட ஆடறவங்க மேல துளி அக்கறை கிடையாது. பயிற்சிக்கும் ஒழுங்கா வரமாட்டா. முகாம்ல வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்க."

"அப்படியா? நல்லவேளை சொன்னீங்க." பதினேழின் மேல் ஒரு கோடு விழுந்தது. "ஒன்பதோட பேரைப் பயிற்சியாளர்கிட்ட வாங்கிக்கறேன்."

அவர் பனிக்குள் மறைந்தார். கர்ட்டுக்கு மனசு லேசாக உறுத்தத்தான் செய்தது. பெற்ற பெண்ணுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். கடைசி விசில் ஊதியபோது அவன் தரையிலேயே இல்லை.

வெள்ளைக்குள்ளிருந்து பதினேழாம் எண் அவனை நோக்கி நடந்து வந்தது. வாயில் ஒரு சிரிப்பைத் தயார் செய்துகொண்டான்.

"பிரமாதம் யெசே..."

பிரின்! சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உதடெல்லாம் நீலம்.

"என்னம்மா இது? உன் சட்டை எங்கே?"

"யெசேனியாவுக்கு மூக்குல அடிப்பா. சட்டையெல்லாம் ரத்தம். ரத்தத்தோட ஆட விடமாட்டேன்னு ரெஃப்ரி சொல்லிட்டார். குழாயில அலசினோம். பாவம், ஏற்கெனவே நடுங்கிட்டு இருந்தா. ஈரத்தை எப்படிப் போடுவா? அதான் என்னோடதை அவளுக்குக் குடுத்துட்டு இதை நான் போட்டுக்கிட்டேன். ரெஃப்ரிகிட்ட சொல்லிட்டுத்தான்."

கர்ட் நிமிர்ந்து பார்த்தான். எதிர்ப்பக்கம் பனி விலகியது. முகாம் அம்மாள், ஒன்பதாம் எண் போட்டிருந்த யெசேனியாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"அவளை எடுத்துட்டாங்கப்பா. எனக்கு அழுகையா வருது. ஆனா அவளும் நல்லாத்தானே ஆடினா?" பிரின் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "குளிருதுப்பா. வாயில போட ஏதாவது இருக்கா?"

கர்ட் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். காலையில் கொடுத்த குச்சி மிட்டாய் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது.