முப்பது லீற்றர்

“ரெண்டாம் வாளியே பச்சைத் தண்ணி! முட்டு இழுப்புக்காரன் நான் குளிச்சுச் சாகிறதோ—”

“ஹீற்றர் பழுதெண்டு எத்தினை தரம் சொல்லுறது—”

“பழுதெண்டால் முதல் வாளி எப்படிச் சுடுகுது?”

கமலாவதி குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். தோளில் துவாயோடு குளியலறை வாசலை அடைத்து நின்றார் கணவர் செல்வரட்ணம். உள்ளே, ஹீற்றர் திருத்த வந்த றோய் ஏணியில் நின்று மூடியைக் கழற்றினான்.

“சூடாக்கிற கொயில் நல்லாயிருக்கு, ஐயா. எங்கடை கிணத்துத் தண்ணிக்குச் சுண்ணாம்பு படியும், உதிலை அதுகூட இல்லை. உங்களுக்கு முதல் ஆரோ குளிக்கினம்.”

“ஆர்? வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தானே!”

“தர்சிகா இருக்கேக்கை மூண்டு பேருக்கும் காணும். இப்ப பழசாப் போச்சு” என்றாள் கமலாவதி.

“அந்தப் பேரை எடுக்க வேண்டாமெண்டனான்!”

சொல்லாமல் கலியாணம் முடித்துப் போன மகள். ‘இந்தப் படியேறினால் என்ரை பிணத்தைத்தான் காண்பாள்’ என்று அவர் சத்தியம் பண்ணி ஒன்றரை வருடம்.

கமலாவதி ஆணியில் தொங்கிய திறப்புக் கொத்தை எடுத்தாள். “தங்கச்சி வீட்டிலை விளக்கு வைச்சிட்டு வாறன்.” தங்கை கனடாவில். மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பூட்டிய வீடு.

ஏணியால் இறங்கி வாளியைத் தள்ளி வைத்த றோய், அடியில் ஒட்டியிருந்த இலையைப் பிய்த்தான். அவித்த பாவட்டை இலை. கமலாவதியைப் பார்த்தான். அவள் கண்ணால் கெஞ்சினாள்.

“பழசுதான், ஐயா” என்றபடி இலையைக் கைக்குள் பொத்தினான். “புதுசு பூட்டினால் நல்லது.”

“இப்பதானே பழுதில்லை எண்டனீர்?” செல்வரட்ணம் கையை நீட்டினார். “உதைத் தாரும்.”

இலையை வாங்கி மணந்து பார்த்தார். முகம் மாறவில்லை.

“அறுபது லீற்றர் ஒண்டு கொண்டந்து பூட்டும், தம்பி. பிள்ளை பெத்தவளுக்குப் பாவட்டை அவிச்சு வேது தண்ணி வார்க்க இந்த முப்பது காணாது.”

திறப்பு கமலாவதியின் கையிலிருந்து விழுந்தது.

“பதினொரு நாளா விளக்கு வைக்கப் போறீர். ஒரு பூக்கூடப் பிடுங்கேல்லை. பிள்ளை பெத்த துடக்கு வீட்டிலை நீர் விளக்கு வைக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியாதோ? நீராச் சொல்லுவீர் எண்டுதான் தண்ணியைச் சாட்டிச் சண்டை பிடிச்சனான்.”

அவர் குரல் இறங்கியது.

“ஒவ்வொரு நாளும் மதிலோடை நிண்டு காது குடுக்கிறன், கமலம். பிள்ளை அழுற சத்தம் ஒரு நாளும் ஏன் கேக்கேல்லை?”