முதல் வாய்

"நீயும் வந்து உக்காரு ருஜா. சேர்ந்தே சாப்பிடலாம்," என்றான் விங்கோ.

அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புருஷன் வாயிலிருந்து வந்திராத வார்த்தை. நான் பரிமாறி, ரொட்டி அறுத்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவன் கிண்ணத்தில் பாதி காலியாகியிருக்கும். பசி வந்துவிட்டால் அவனுக்குப் பெண்டாட்டியும் தெரியாது, பிள்ளையும் தெரியாது.

இன்றைக்குப் பார்த்து எனக்கு நாற்காலியை வேறு இழுத்துப் போட்டான்.

காலையில்தான் பக்கத்து வீட்டுப் பாரிட்சா வேலியோரம் என்னைக் கூப்பிட்டு அடிவயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதடி. டவுன்ல அந்த பேக்கரிக்காரி மால்வினா இருக்காளே, அவ வீட்டு வாசல்ல உன் வீட்டுக்காரன் துணிச் செருப்போட நின்னான். விருந்தாளிக்குக் குடுக்குற செருப்பு இல்ல. அவன் கால் அளவுக்கே வாங்குனது."

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவைக் கழற்றிவிட்டு, அங்கே கிடக்கும் ஏதாவது ஒரு துணிச் செருப்பை மாட்டிக்கொள்வோம். ஒன்று விரலைக் கடிக்கும், இல்லையென்றால் தொளதொளவென்று கழன்றுவரும். ஒருவனுக்கு அளவான செருப்பு அவன் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

"மொதல்ல உன் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கு," என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். விங்கோ ஜன்னலோரம் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன்.

பிலோகோரா மலைச் சரிவில், பீச் என்கிற காட்டு மரங்களுக்கு அடியில், காட்டுப் பூண்டு தளதளவென்று வந்திருந்தது. பாரிட்சா சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டேதான் பறித்தேன்.

கெஞ்சினாலும் அழுதாலும் ஒவ்வோர் இலையாகத்தான் பறிக்க வேண்டும். காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போட வேண்டும். அதே நிழலில், அதே பச்சையில், வெள்ளை மணிமணியாகப் பூக்கும் நச்சுச் செடியும் வளர்கிறது. பூண்டு இலை தனித்தனிக் காம்பில் வரும். அது ஒரே தண்டில் இரண்டாக வரும். முகர்ந்து பார்த்துப் பயனில்லை. நாலு இலை பறித்ததுமே கையெல்லாம் பூண்டு வாடைதான். வசந்தம் வந்தால் போதும், எங்காவது ஒருவர் சூப் குடித்துவிட்டுச் செத்துப்போனார் என்று சேதி வரும்.

அதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பறித்து, கழுவி, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, மேலே பாலேடு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால், இவன் சேர்ந்து சாப்பிடலாம் என்கிறான்.

உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவன் பெண்டாட்டிக்கு நாற்காலி இழுத்துப் போடுவானா? பாரிட்சாவுக்கு நாக்கு முழுக்க விஷம் என்று தோன்றியது.

மிச்சமிருந்த பூண்டை ஒரு கட்டாகக் கட்டி நாளைக்கே அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி கட்டிலிருந்து ஓர் இலையை உருவி, அவள் எதிரிலேயே மென்று விழுங்க வேண்டும். பறித்தவள்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நான் நன்றாக மென்று காட்டிவிட்டு, "என் வீட்டுக்காரன் என் கூடவே உக்காந்து சாப்பிட்டான்டி," என்று அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

வழக்கமெல்லாம் வெளியாருக்குத்தான். வீட்டுக்குள் அது கிடையாது. பெண்டாட்டி வைத்த சூப்புக்கு யார் சாட்சி கேட்பார்கள்?

"ஆறிடப் போகுது, சாப்பிடு," என்றான் விங்கோ.

ஸ்பூனை எடுத்தேன். சூடாக இருந்தது, ஊதினேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவனுடைய ஸ்பூன் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. ரொட்டியைக்கூடத் தொடவில்லை. அவன் பார்வை என் முகத்தில் இல்லை.

என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் விழுங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அவன் ஸ்பூனை எடுத்தான்.

நான் அவனிடம் மூச்சு விடவில்லையே. ஒரு சொல் கடிந்து பேசவில்லை, பாத்திரத்தை ஓசைப்பட வைக்கக்கூட இல்லை. வேலியோரம் இரண்டு பொம்பளைகள் பேசியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். குற்றமில்லாதவனுக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் என் கையால் தின்றவன்.

அடுத்த ஸ்பூனையும் எடுத்துக் குடித்தேன். இல்லையென்றால் அதற்கும் பயப்படுவான்.

அவன் உறிஞ்சிக் குடித்தான். நெற்றியில் வியர்த்தது. "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று கிண்ணத்தை நீட்டினான்.

ஊற்றினேன். இந்தத் தடவை அவன் காத்திருக்கவில்லை. நான் விழுங்கியதை வைத்தே எனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டான்.

ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தபடி, என்னைப் பார்க்காமல், மிகவும் நிம்மதியாகச் சொன்னான்:

"நாளைக்கு டவுன்ல கொஞ்சம் வேலை இருக்கு ருஜா. மத்தியானம் எனக்குச் சமைக்காத."