கறுப்புத் துணி கட்டிய மடி

செவலைப் பசுவின் மடியில் கறுப்புத் துணி சுற்றியிருப்பதைப் பார்த்து, “என்னக்கா இது?” என்றாள் மாட்டு டாக்டர் ரெஜினா.

“மடியில பாசி பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே. வெயில் படலன்னா செத்துரும்ல,” என்றாள் வள்ளிமயில்.

ரெஜினா சிரிக்கவில்லை. “இது வெயிலையே கைவிட்ட பாசிக்கா. ஒருகாலத்துல வெயில்ல தானே சமைச்சுத் தின்னது. இப்ப மடியில ஒட்டிக்கிட்டுத் திங்குது. அந்தச் சமையலுக்கான மரபணுவெல்லாம் ஒண்ணொண்ணா உதிர்ந்து, பச்சையும் போச்சு. ஆனா சமைச்ச பை மட்டும் சுருங்கிப்போய் உள்ளயே இருக்கு. ஒண்ணு பலதாகும்போது அதையும் பங்கு பிரிச்சுக்குது.”

“சமைக்காததுக்கு அடுப்பு எதுக்கு?”

“ஏதோ சில்லறை வேலைக்கு வச்சிருக்கு. மருந்துக்கு அசையாதுக்கா. மத்த மாட்டுக்குப் பரவுறதுக்குள்ள இந்தப் பசுவைக் கழிச்சு அனுப்பிருங்க.”

டாக்டர் போனபின் வள்ளிமயிலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தப் பாசியைச் சபிப்பதா, அதற்காகப் பாவப்படுவதா? துணியை அவிழ்த்தாள். செவலையை வெளியே இழுத்துவந்து, சாய்ந்த வெயில் மடியில் விழும்படி திருப்பிக் கட்டினாள். அடுப்பு இருக்கிறதே, பழைய நினைப்பு வராமலா போகும். வெகுநேரம் கழித்து ஒரு பீச்சு பாலை உள்ளங்கையில் பிடித்து, பச்சை தட்டுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.