தனி அறை

டாக்டரின் அறையில் டாக்டர், பெரியவர், அவருடைய மகன், மருமகள் ஆகிய நால்வரும் இருந்தார்கள்.

“டயாலிசிஸ் ஆஸ்பத்திரியிலேயே நடக்கட்டும்பா. வீட்டுல பண்ணணும்னா சுத்தமா ஒரு தனி ரூம் வேணும். நமக்கு ஏது?” என்றான் மகன்.

“என் ரூம் இருக்குல்ல?” என்றார் பெரியவர்.

“நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“நாலு பேருக்கா கிட்னி கெட்டுப்போச்சு?” பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை.

டாக்டர் குறுக்கிட்டார். “யாருக்கு வைத்தியமோ அவங்க சொல்லட்டும்.”

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எனக்கு வீட்டுலதான் வேணும் டாக்டர். ராத்திரி மெஷின் ஓடட்டும், பகல்ல நான் வேலைக்குப் போவேன். வாரத்துல மூணு நாள் இங்க வந்து படுத்தா என் வேலை போயிடும்.”

மருமகள் மாமனாரை அறையிலிருந்து துரத்திவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தன் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துவந்து போட்டவர் பெரியவர்தான்.