பதினோரு பாதங்கள்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, அமிஹான் ஒவ்வொரு வருஷமும் தன் பாதத்தைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவாள். அந்த அளவுக்கு ஷூ வாங்கி அம்மா கப்பலில் அனுப்புவாள். பெட்டி மணிலாவுக்கு வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்துவிட்டிருக்கும். ஷூ கடிக்கும். போனில் மட்டும், “சரியா இருக்கும்மா” என்பாள்.

பதினோராவது வருஷம் ஷூ வரவில்லை. அம்மாவின் உடல் வந்தது. கூட வந்த பையில் பதினோரு தாள்களும் இருந்தன. ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் அம்மா விரல்களை வரைந்து, நகங்களுக்குச் சிவப்பு நகப்பூச்சும் தடவியிருந்தாள்.

ஓவியக் கல்லூரி முடித்து அமிஹான் வைத்த முதல் கண்காட்சியில் அந்தத் தாள்கள் மட்டும்தான் இருந்தன. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கடைசித் தாளின் முன்னால் நின்றுவிட்டார்.

“இதுல மூணு விரல்தான் இருக்கு. மிச்சம் ரெண்டையும் வரைஞ்சிருக்கலாமேம்மா?”

அம்மா கடைசியாக அனுப்பிய, கடிக்கிற ஷூவுக்குள் அமிஹான் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“எனக்கு வரையத் தெரியாதுங்க.”